தண்ணீருக்கடியில் கிடைத்த பழைய உலோகம்: எங்கிருந்து வந்தது என்று தேடும்போது செய்யக்கூடாத தவறுகள்

கடலில் முங்கும்போது துருப்பிடித்த கட்டி ஒன்று கையில் சிக்கிவிட்டால் பலரும் கரைக்கு வந்ததும் முதலில் தேடுவது கம்பி பிரஷ்ஷைத்தான். உள்ளே ஏதாவது எழுத்து இருக்கிறதா என்று பார்க்கத் துடிக்கும் ஆசை, புரிகிறது. ஆனால் பொருளைப் பற்றிய தடயத்தில் பாதி அந்த மேலோட்டிலேயே இருக்கிறது. இரும்பு கடல்நீரில் அரிக்க அரிக்க, சுண்ணாம்பு, மணல், சிப்பி, துரு எல்லாம் அதைச் சுற்றிச் சேர்ந்து சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். பல நூற்றாண்டுகள் கிடந்த ஆணி, கத்தி போன்ற மெல்லிய சாமான் என்றால் உள்ளே பெரும்பாலும் இரும்பே மிச்சமிருக்காது, வெறும் பொந்துதான் இருக்கும். அந்தப் பொந்தின் சுவரில் பழைய வடிவம் அப்படியே பதிந்திருப்பதால், அதற்குள் எப்பாக்ஸி என்ற இறுகும் பிசினை ஊற்றி அச்செடுப்பார்கள். சுத்தியலால் தட்டிப் பார்த்தவருக்கு ஒரு பிடி துருத்தூள்தான் மிஞ்சும்.

கிரேக்கத் தீவான ஆன்டிகிதெராவுக்கு அருகே மூழ்கிய கப்பலிலிருந்து 1901-ல் மேலே வந்த அரித்துப்போன வெண்கலக் கட்டியை முதலில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1902-ல்தான் அதில் ஒரு பல்சக்கரம் கண்ணில் பட்டது; அது பழங்கால வானியல் கணக்குக் கருவி. 2005-ல் எக்ஸ்ரே சிடி ஸ்கேன் எடுத்தபோது, களிம்புக்கு அடியில் மறைந்திருந்த எழுத்துகளைக்கூடப் படிக்க முடிந்தது. நடுவில் யாராவது பளபளப்பாக்குகிறேன் என்று அமிலத்தில் முக்கியிருந்தால் அந்த எழுத்துகள் போயிருக்கும். எனவே தேய்ப்பதற்கு முன், எங்கேயாவது எக்ஸ்ரே எடுக்க வழியிருக்கிறதா என்று விசாரியுங்கள்.

அடுத்தது, வெயிலில் காயவைப்பது. அரித்த இரும்புக்குள் உப்பின் குளோரைடு ஊறிப்போய் இருக்கும். காய்ந்து காற்றுப் பட்டதும் அரிப்பு வேகமெடுக்கும், செதில் செதிலாக உரியும், சில சமயம் விரிசல் விட்டுப் பிளந்தே போகும். எடுத்த தண்ணீரோடு மூடிய பாத்திரத்தில் வைத்து, உலோகப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் சேர்ப்பதுதான் சரி. உப்பை வெளியேற்ற மாதங்களும் ஆகும், வருடங்களும் ஆகும்.

வார்ப்பிரும்பு இன்னொரு விதமாக ஏமாற்றும். இரும்பு கரைந்து வெளியேறிய பிறகும் அதிலிருந்த கிராஃபைட் (கரியின் ஒரு வடிவம்) எலும்புக்கூடு மாதிரி நின்றுவிடுவதால், பீரங்கிக் குண்டு பார்க்க முழுசாக இருக்கும். ஆனால் எடை குறைந்திருக்கும், மேற்பரப்பைக் கத்தியால் சீவலாம். அதைத் தராசில் வைத்து, இத்தனை பவுண்டு குண்டு, ஆகவே இன்ன நாட்டுப் பீரங்கிக்கு உரியது என்று கணக்குப் போடுபவர்கள் இருக்கிறார்கள். எடையை நம்பாதீர்கள். அரிப்பதற்கு முன்பிருந்த மேற்பரப்பு எங்கே நிற்கிறது என்று பார்த்து விட்டத்தை அளந்தால் ஓரளவு தேறும்.

நிறமும் அப்படித்தான். செம்பு கலந்த உலோகம் என்றாலே பச்சையாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறோம். காற்றோட்டமில்லாத சேற்றில் புதைந்திருந்தால் அதே உலோகம் சல்ஃபைடு படிந்து கன்னங்கரேல் என்று வரும், வெள்ளியும் கறுத்துப்போகும். காந்தம் ஒட்டவில்லை, ஆகவே இரும்பு இல்லை என்பதும் தப்பு. முழுக்கத் துருவாகிவிட்ட இரும்பில் காந்தம் சரியாகப் பிடிக்காமலும் போகலாம். பித்தளையில் துத்தநாகம் கரைந்து போவதால் மேற்பரப்பு செம்பு மாதிரிச் சிவந்திருக்கும், உலோகக் கலவையைச் சொல்லும் கையடக்க எக்ஸ்ரே கருவியும் மேல் தோலை மட்டும் படித்துவிட்டுச் செம்பு என்றே சொல்லும். அறிக்கையில் சதவீதம் அச்சாகி வந்துவிட்டதாலேயே அது உள் உலோகத்தின் கலவை ஆகிவிடாது.

சிப்பியும் கொட்டலசும் அடர்த்தியாக ஒட்டியிருப்பதை வைத்து வயது சொல்லாதீர்கள். நேற்றுப் போட்ட படகுச் சங்கிலியிலும் அவை சில மாதத்தில் ஏறிவிடும்.

பொருளின் மேலேயே வருடம் பொறித்திருந்தால்? அப்போதும் கொஞ்சம் பொறுங்கள். மரியா தெரேசா வெள்ளி நாணயத்தில் 1780 என்று இருக்கும், ஆனால் அதே வருடத்தைப் போட்டுப் பல நாட்டு அச்சுச்சாலைகள் 20-ஆம் நூற்றாண்டு வரை அதை அடித்துக்கொண்டிருந்தன. இதைவிட நம்பகமானது, இதற்கு முன்னால் இருந்திருக்கவே முடியாது என்ற வகைக் குறிப்பு. கப்பலின் அடிப்பகுதியில் அடித்த தகட்டில் மன்ட்ஸ் (Muntz) என்ற பெயர் இருந்தால், அது ஒரு செம்பு-துத்தநாகக் கலவை; அதற்கு 1832-ல்தான் காப்புரிமை வந்தது, ஆகவே தகடு அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. அலுமினியத்தை மலிவாகப் பிரிக்கும் முறை 1886-ல் வந்தது, அதனால் சாதாரண அலுமினியச் சாமானைக் பழைய கடற்கொள்ளையர் காலத்துக்கு இழுக்க முடியாது.

ஆனால் மிகப் பெரிய குழப்பம் கேள்வியிலேயே இருக்கிறது. எங்கே செய்தது, யார் வைத்திருந்தது, எந்தக் கப்பலிலிருந்து விழுந்தது, இவை மூன்றும் தனித்தனி. அகன்ற அம்பு முத்திரை பிரிட்டிஷ் அரசுச் சொத்துக்கு அடையாளம், சரி. ஆனால் அரசு கழித்துவிட்ட சாமானை யாரும் வாங்கியிருக்கலாம். ஸ்பானிய வெள்ளி நாணயம் சீனா வரை புழங்கியது, அமெரிக்காவில் 1857 வரை சட்டப்படி செல்லுபடியானது. அதனால் ஒரு ஸ்பானிய நாணயம் கிடைத்தால் ஸ்பானியக் கப்பல் என்று ஆகிவிடாது. பழைய பீரங்கிகளை, கப்பல் சாயாமல் நிற்பதற்கான அடிப்பாரமாக ஏற்றிச் சென்ற கப்பல்களும் உண்டு. நங்கூரத்தைப் பார்த்தவுடன் கீழே கப்பல் கிடக்கிறது என்று குதிக்க வேண்டாம், புயலில் கயிற்றை வெட்டிவிட்டுத் தப்பி ஓடிய கப்பலுடையதாகவும் இருக்கலாம். ஈய ஐசோடோப் சோதனை (உலோகத்திலுள்ள ஈயத்தின் அணு வகைகளின் விகிதத்தை அளப்பது) செய்தால் எந்தச் சுரங்கம் என்றே தெரிந்துவிடும் என்பார்கள். பழைய உலோகங்களை உருக்கிக் கலந்திருந்தால் அந்த விகிதமும் கலந்துதான் வரும்.

அதனால்தான் தனியாக எடுத்து வந்த பொருளை வைத்துப் பெரிதாகச் சொல்ல முடிவதில்லை. பக்கத்தில் என்ன கிடந்தது, எந்த ஆழம், மணலா சேறா, ஒட்டியிருந்த மரத்துண்டு எது, இதெல்லாம் எடுத்த நொடியில் போய்விடும். தொடுவதற்கு முன் அளவுகோலை அருகில் வைத்துப் பல கோணத்தில் படம் எடுங்கள், ஜிபிஎஸ் குறியுங்கள், முடிந்தவரை அங்கேயே விட்டுவிடுங்கள். 100 ஆண்டுகளுக்கு மேல் நீருக்கடியில் கிடக்கும் தொல்பொருளுக்கு யுனெஸ்கோவின் 2001 உடன்படிக்கை முதல் தேர்வாகச் சொல்வதும் அதைத்தான். பல நாடுகளில் கண்டெடுத்ததை அரசுக்குத் தெரிவிக்காமல் வைத்துக்கொள்வதே குற்றம்.

அப்புறம், கூம்பு முனையும் உருளை உடலும் அடிப்பக்கம் செம்புப் பட்டையுமாக ஒன்று கிடந்தால் மேலே சொன்ன எந்த ஆராய்ச்சியும் வேண்டாம். பீரங்கி எறிகுண்டு தண்ணீரில் எத்தனை வருடம் ஊறினாலும் வெடிக்கக்கூடும். கை வைக்காமல் இடத்தை மட்டும் குறித்துக்கொண்டு காவல்துறைக்கோ கடலோரக் காவல் படைக்கோ சொல்லுங்கள், எந்த நாட்டுக் குண்டு என்பதை வெடிபொருள் நிபுணர்கள் கண்டுபிடித்துக்கொள்வார்கள்.