அப்பாவின் துப்பாக்கிகள்: எதை வைத்துக்கொள்வது, எதை விற்பது என்று முடிவெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களுக்கும் துப்பாக்கிக்கும் உள்ள தொடர்பு மிகப் பழையது. 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் தேதி எல்பில் தோட்டத்திலும் அதற்கு அருகிலிருந்த மற்றொரு தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்கார அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அதற்குப் பின் 1960 வரை துப்பாக்கி இல்லாத துரை பங்களாவைக் காண்பது அரிதாக இருந்தது. அந்தக் காலம் முடிந்து, தோட்டங்கள் கைமாறி, பால்மரம் போய்ச் செம்பனை வந்த பின்னரும், காட்டுப்பன்றியும் குரங்கும் கன்றுகளை அழிக்காமல் காப்பதற்காகச் சிறு தோட்டக்காரர்களும் தோட்ட அலுவலர்களும் சிலர் லைசென்ஸ் பெற்று வேட்டைத் துப்பாக்கி வைத்திருந்தார்கள். அந்தத் தலைமுறை இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது அல்லது மறைந்துவிட்டது. அவர்கள் பேணிவந்த இரண்டோ மூன்றோ துப்பாக்கிகளை என்ன செய்வது என்ற கேள்வி பிள்ளைகள் முன் நிற்கிறது. இந்த முடிவில் பெரும்பாலான குடும்பங்கள் சறுக்குவது விலையில் அல்ல. எந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும் என்பதில்தான்.

முதல் கேள்வி "இது எவ்வளவு பெறும்?" என்பதும் அல்ல, "அப்பா இதை எவ்வளவு நேசித்தார்?" என்பதும் அல்ல. இதைச் சட்டப்படி கையில் வைத்திருக்கக்கூடியவர் நம் வீட்டில் யார் என்பதே முதல் கேள்வி.

நகையைப் போலப் பங்கு போடுவது

உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால், தீபகற்ப மலேசியாவில் முஸ்லிம் அல்லாதோரின் சொத்து 1958ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டப்படி மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் பிரியும். துப்பாக்கியின் பெறுமதியும் அந்தச் சொத்தில் அடங்கும். ஆனால் பெறுமதியில் பங்கு இருப்பதும் பொருளைக் கையில் வைத்திருக்க உரிமை இருப்பதும் ஒன்றல்ல. 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் ஒரு தனிமனிதரின் பெயருக்கு, ஒரு குறிப்பிட்ட துப்பாக்கிக்குத் தரப்படுகிறது; அதை வழங்கும் அதிகாரம் மாநிலக் காவல்துறைத் தலைவருக்கு உரியது. "ஆளுக்கு ஒன்று" என்று அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொண்டு, ஒன்றைத் தைப்பிங்கிற்கும் மற்றொன்றைக் கிள்ளானுக்கும் காரில் எடுத்துச் செல்வது குடும்ப ஏற்பாடாகத் தோன்றலாம். சட்டத்தின் பார்வையில் அது உரிமமின்றி ஆயுதம் வைத்திருப்பது.

இதற்கான தண்டனையைத் தெரிந்துகொண்டால் பலருடைய அலட்சியம் நீங்கிவிடும். ஆயுதச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, உரிமமின்றி ஆயுதமோ தோட்டாவோ வைத்திருப்பவருக்கு ஏழாண்டு வரை சிறையோ, பத்தாயிரம் ரிங்கிட் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. 1971ஆம் ஆண்டின் துப்பாக்கிக் குற்றங்களுக்கான கூடுதல் தண்டனைச் சட்டம் இதைவிடக் கடுமையானது: சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் பதினான்கு ஆண்டு வரை சிறையும், ஆறுக்குக் குறையாத பிரம்படியும் உண்டு. இரண்டுக்கு மேற்பட்ட துப்பாக்கிகள் அவ்வாறு ஒருவரிடம் இருந்தால், அவர் அவற்றைக் கடத்துபவர் என்றே அந்தச் சட்டம் அனுமானிக்கிறது. அப்பா பொக்கிஷமாகக் காத்த மூன்று துப்பாக்கிகளைப் பாசத்தால் தன் அலமாரியில் வைத்துக்கொண்ட மகன், இந்த அனுமானத்தை மறுத்து வாதாட வேண்டிய இடத்தில் போய் நிற்கலாம்.

ஆகவே, "கருமாதி முடியட்டும், ஆடி போகட்டும், ஆஸ்திரேலியாவில் இருக்கும் தம்பி வரட்டும்" என்று தள்ளிப்போடுவதும் இதே தவறின் இன்னொரு வடிவம்தான். லைசென்ஸ்காரர் இறந்தவுடன் மாவட்டக் காவல் தலைமையகத்துக்குத் தகவல் கொடுத்து, துப்பாக்கியை நாமே எடுத்து வருவதா, அவர்கள் வந்து பெற்றுக்கொள்வார்களா என்று கேட்டு, அவர்கள் சொல்லும்படி நடந்து, பெற்றுக்கொண்டதற்கான எழுத்துச் சான்றை வாங்கிவிட வேண்டும். கேட்காமல் ஒரு சாக்கில் சுற்றி மோட்டார் சைக்கிளில் வைத்துக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோவது நல்லெண்ணத்தில் செய்யும் முட்டாள்தனம். துப்பாக்கி பாதுகாப்பான இடத்தில் இருக்கும்போது, எதை வைத்துக்கொள்வது எதை விற்பது என்ற ஆலோசனையை அவசரமில்லாமல் நடத்தலாம், தம்பியும் வரலாம்.

கதையை விலையாக நினைப்பது

"இது துரை இங்கிலாந்துக்குத் திரும்பும்போது தாத்தாவுக்குக் கொடுத்தது" என்ற கதையைத் தோட்டப்புறத்தில் கேட்காதவர் இருக்க முடியாது. சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் துப்பாக்கியின் பெறுமதியைச் சொல்லுவது கதை அல்ல, குழலின் அடிப்பாகத்தில் பொறிக்கப்பட்டிருக்கும் சோதனை முத்திரைகள். இங்கிலாந்தில் லண்டனிலும் பர்மிங்காமிலும் உள்ள சோதனைச் சாலைகள், விற்பனைக்கு வரும் ஒவ்வொரு குழலிலும் வழக்கத்தைவிட அதிக அழுத்தம் தரும் தோட்டாவைச் சுட்டுப் பார்த்துத் தேறியவற்றுக்கு முத்திரை இடுகின்றன; பர்மிங்காம் சாலை 1813இல் தொடங்கியது. குழலின் மேற்புறத்தில் அழகிய எழுத்தில் ஆங்கிலப் பெயர் இருந்தும், அடியில் நீள்வட்டத்துக்குள் ஈ, எல், ஜி ஆகிய மூன்று லத்தீன் எழுத்துகள் இருந்தால், அது பெல்ஜியத்தின் லீஜ் நகரத்துச் சோதனை முத்திரை. ஆங்கிலேயப் பெயர்போல ஒலிக்கும் பெயர்களைப் பொறித்து லீஜிலிருந்து மலிவான துப்பாக்கிகள் உலகமெங்கும் சென்றன. அதேபோல் குழலில் இருக்கும் பெயர் விற்ற கடையின் பெயராகவும் இருக்கலாம். செய்தவர் வேறாக இருப்பார்.

வெளிநாட்டு ஏலத்தில் இதேபோன்ற ஒன்று என்ன விலைக்குப் போனது என்று இணையத்தில் பார்த்துவிட்டு, அந்த விலையை ரிங்கிட்டுக்கு மாற்றி மனத்தில் பதித்துக்கொள்வது அடுத்த தவறு. ஏலத்தில் எழும் விலை, வாங்கக்கூடியவர்கள் பலர் இருப்பதால் எழுவது. நம் நாட்டில் வாங்குபவரும் முன்கூட்டியே காவல்துறையின் அனுமதி பெற்றவராக இருக்க வேண்டும், அப்படிப்பட்டவர்கள் சிலரே. வெளிநாட்டுக்கு அனுப்பி விற்பதற்கும் இங்கும் அங்கும் அனுமதி வேண்டும். எனவே உள்ளூரில் லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடைக்காரர் சொல்லும் விலை நெஞ்சைச் சுடத்தான் செய்யும். ஒன்றுக்கு இரண்டு கடையில் கேட்கலாம், ஆனால் அவர்கள் எல்லாரும் சேர்ந்து நம்மை ஏமாற்றுகிறார்கள் என்று முடிவுகட்ட வேண்டியதில்லை.

அழகானதை வைத்துக்கொண்டு பயன்படுவதை விற்பது

மிகப் பெரிய தவறாக நான் கருதுவது இதுவே. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வீட்டில் இரண்டு துப்பாக்கிகள் இருப்பதாகக் கொள்வோம். ஒன்று, குழல் முழுவதும் அலையலையாகக் கோலமிட்டது போன்ற வரிகளும், வெளியே தெரியும் சுத்தியல்களும் கொண்ட பழைய இரட்டைக் குழல். மற்றொன்று, கீறல் விழுந்த கட்டையுடன் கூடிய சாதாரண ஒற்றைக் குழல். மலாய்க்காரர்கள் செனாப்பாங் பாத்தா என்று சொல்லும் மடக்கு வகை. குடும்பம் முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதை விற்கவே விரும்பும். ஆனால் செம்பனைக் கன்றுகளைக் காக்கத் துப்பாக்கி தேவை என்று காரணம் காட்டி லைசென்ஸ் கேட்கப்போகும் மகனுக்கு உண்மையில் உதவக்கூடியது இரண்டாவதுதான்.

அந்த அலைவரிக் குழலை டமாஸ்கஸ் குழல் என்பார்கள். இரும்பு, உருக்குப் பட்டைகளை முறுக்கி, சுருள்சுருளாகச் சுற்றி, காய்ச்சி அடித்து ஒட்டியதால் உண்டானவை அந்த வரிகள். பட்டைகள் ஒட்டிய இடங்களில் துரு உள்ளே ஊடுருவினால் வெளியில் தெரியாது. அவற்றுள் பல, கரும்புகை வெடிமருந்துத் தோட்டாவுக்காகவே செய்யப்பட்டுச் சோதிக்கப்பட்டவை. இக்காலத்துப் புகையில்லா மருந்து எழுப்பும் அழுத்தத்துக்காக அல்ல. புகையில்லா மருந்துக்கான நைட்ரோ சோதனை முத்திரை இல்லாத குழலில் கடைத் தோட்டாவைப் போட்டுச் சுடுவது, சுடுபவரின் இடக் கையைப் பணயம் வைப்பதாகும்.

உருக்குக் குழலாக இருந்தாலும் தோட்டா அறையின் நீளத்தைப் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது. பழைய ஆங்கிலேய 12 போர் (போர் என்பது குழலின் உள் அகலத்தைக் குறிக்கும் அளவு) துப்பாக்கிகள் பலவற்றின் அறை இரண்டரை அங்குலம், அதாவது ஏறத்தாழ 65 மில்லிமீட்டர். இன்று பரவலாக உள்ள தோட்டா இரண்டே முக்கால் அங்குலம், 70 மில்லிமீட்டர். இங்கே ஏமாற்றும் செய்தி ஒன்று உண்டு: தோட்டாவின் நீளம் வெடித்து வாய் விரிந்த பின் அளக்கப்படுவது, வெடிக்காத தோட்டாவின் வாய் மடிந்திருப்பதால் அது குட்டையான அறைக்குள்ளும் தாராளமாக நுழைந்துவிடும். "போகிறதே, அப்போது சரிதான்" என்று நினைத்துச் சுட்டால், விரியும் வாய் குழலின் குறுகிய பகுதியில் நெரிந்து அழுத்தம் கூடிவிடும். ஆகவே நுழைவதை வைத்து எதையும் தீர்மானிக்காமல், முத்திரையோடு சேர்த்து அறையின் நீளத்தையும் துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் அளந்து காட்டச் சொல்ல வேண்டும். 16 போர், 20 போர் போன்ற அளவுகளாக இருந்தால், வைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்வதற்கு முன், அந்த அளவுத் தோட்டா வழக்கமாகக் கிடைக்கிறதா என்று கடையில் விசாரித்துவிடுவது நல்லது.

அதே நபரிடம் மூன்று சோதனைகளைச் செய்யச் சொல்லலாம். குழலும் உடலும் சேரும் இடத்தில் ஆட்டம் இருக்கிறதா என்பதை, குழலுக்கு அடியில் கையால் பிடிக்கும் முன்கட்டையைக் கழற்றிவிட்டு அசைத்துப் பார்க்க வேண்டும். முன்கட்டை மாட்டியிருக்கும்போது அது ஆட்டத்தை மறைத்துவிடும். குழலின் உட்புறத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துத் துருப் பள்ளமோ நெளிவோ உண்டா என்று காண வேண்டும். இரட்டைக் குழலைத் தனியே கழற்றித் தொங்கவிட்டு மெல்லத் தட்டினால் மணிபோல ஒலிக்க வேண்டும். சத்தம் மழுங்கி வந்தால் குழல்களை இணைக்கும் பட்டை விட்டிருக்கக்கூடும். இவற்றில் தேறாததை அன்புக்காக வைத்துக்கொள்ள நினைப்பவர், ஒவ்வொரு முறையும் லைசென்ஸைப் புதுப்பித்து, பூட்டிப் பாதுகாத்து, சோதனைக்கு வரும் அதிகாரியிடம் காட்டி, ஒருபோதும் சுட முடியாத ஒரு பொருளுக்காக இவ்வளவும் செய்ய ஆயத்தமா என்று தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். ஆயத்தமானவர்களும் இருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

மெருகேற்றுவது, அறுப்பது, இரவல் தருவது

விற்பதற்கு முன் பளபளப்பாக்க வேண்டும் என்று உப்புத்தாளை எடுப்பவரைத் தடுத்து நிறுத்துங்கள். வால்நட் கட்டையில் வெட்டியிருக்கும் பிடிமானக் கோடுகளும், குழலின் கருநீலப் பூச்சும், செதுக்கல்களின் கூர்மையும் ஒருமுறை தேய்ந்தால் திரும்பி வராது. பழைய துப்பாக்கிகளில் விலை குறைவதற்கு இதுவே முக்கியமான காரணங்களில் ஒன்று. மெல்லிய எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும், அதையும் லைசென்ஸ் உள்ளவரோ கடைக்காரரோ செய்யட்டும். நம்முடைய ஈரமான வானிலையில் தோல் உறைக்குள்ளும் கம்பளித்துணி வைத்த பெட்டிக்குள்ளும் பூட்டிவைப்பது துருவுக்கு விருந்து வைப்பது; உறை பயணத்துக்கு மட்டுமே.

"குழலை அடைத்துவிட்டு வரவேற்பறையில் மாட்டிவிடலாம்" என்ற யோசனையும் அடிக்கடி எழும். பட்டறையில் கொடுத்துத் தாமாக அறுப்பதோ பற்றவைப்பதோ கூடவே கூடாது. ஆயுதச் சட்டத்தில் ஆயுதம் என்ற சொல் துப்பாக்கியின் உதிரிப் பாகங்களையும், காற்றுத் துப்பாக்கியையும்கூட உள்ளடக்கியது. எனவே பாதியை அறுத்த துப்பாக்கி சுவர் அலங்காரமாகிவிடாது. காவல்துறையிடம் எழுத்து மூலம் கேட்டுப் பெறும் பதிலே இதற்கு வழி.

பன்றித் தொல்லைக்காகப் பக்கத்துத் தோட்டக்காரருக்கு ஓர் இரவு இரவல் தருவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லைசென்ஸ் அவர் பெயரில் இல்லை. அதோடு துப்பாக்கி லைசென்ஸ் வேறு, 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வேட்டையாடப் பெறும் அனுமதி வேறு.

விற்ற பின்னும் முடியாத வேலை

விற்பது என்று தீர்மானித்தால், முகநூலில் படம் போட்டு ஆள் தேடுவது வேண்டாம். தெரிந்தவர் ஒருவர் ரொக்கத்தோடு வந்தாலும், உரிமை மாற்றத்துக்கான காவல்துறை அனுமதி கைக்கு வரும் முன் பொருளைக் கொடுக்கக் கூடாது, முன்பணமும் வாங்கக் கூடாது. லைசென்ஸ் பெற்ற கடை வழியாகச் செய்தால் விலை சற்றுக் குறையலாம்; ஆனால் பதிவேட்டு வேலைகளை நன்கு அறிந்தவர் ஒருவர் நடுவில் இருப்பார். யாரும் வாங்க முன்வராத துப்பாக்கியைக் காவல்துறையிடம் ஒப்படைத்துவிடுவதும் ஒரு முடிவுதான். அதைத் தோல்வியாகக் கருத வேண்டியதில்லை.

துப்பாக்கி போன பின் வீட்டில் தங்கிவிடுவது தோட்டா. மேசை இழுப்பறையில், பழைய மைலோ டின்னில், அப்பாவின் மழைச்சட்டைப் பையில் என்று அது பல இடங்களில் கிடக்கும். மேலே சொன்ன 8ஆம் பிரிவு தோட்டாவுக்கும் பொருந்தும் என்பதால் வீட்டையும் தோட்டத்துக் கொட்டகையையும் முழுவதுமாகத் தேட வேண்டும். ஈரத்தில் உப்பிய அட்டைத் தோட்டாக்களை உடைத்துப் பார்க்காமல், நெருப்பில் போடாமல், இருக்கும் இடத்தைக் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும். உரிமை மாற்றத் தாளின் நகலையும், ஒப்படைத்த சான்றையும், அப்பாவின் லைசென்ஸில் அந்தத் துப்பாக்கியின் வரிசை எண் நீக்கப்பட்டதற்கான குறிப்பையும் வீட்டுப் பத்திரங்களோடு சேர்த்து வைக்க வேண்டும். பல ஆண்டுகள் கழித்து அந்த எண்ணைக் கேட்டு ஓர் அதிகாரி வாசலுக்கு வந்தால் அம்மா எடுத்துக் காட்ட வேண்டியது அதைத்தான்.