நாப்பது தாண்டுன பொம்பளைங்க வெயிட் மெஷின்ல ஏறுறதுக்கு முன்னாடி டெய்லர் டேப்ப எடுங்க

எனக்கு 46 வயசு, ஒயரம் 153 சென்டிமீட்டர், போன வருஷம் வெயிட் 57 கிலோ. யாரு பாத்தாலும் "உனக்கென்னம்மா, ஒல்லியாத்தான இருக்க"ன்னு சொல்லுவாங்க, நானும் அதயே நம்பிட்டு இருந்தேன், வெறும் வயித்துல சுகர் டெஸ்ட் எடுத்தா 112 வந்து நிக்குது. 100க்கு கீழ இருக்கணும், 126 வந்தா சுகர் வியாதி, நான் நடுவுல. எங்கம்மாவுக்கு சுகர்னால கால் வெரல் ஒண்ண எடுத்தாங்க, அதனால அன்னிக்கு ராத்திரி பூரா எனக்கு தூக்கமே இல்ல. அப்புறம் நான் என்ன செஞ்சேன்னு வரிசையா சொல்றேன், புதுசா எதுவும் வாங்க வேணாம்.

ஸ்டெப் 1: இடுப்ப அளக்குறது

காலைல சாப்பிடுறதுக்கு முன்னாடி, துணிக்கு மேல இல்லாம அளங்க. கடைசி விலா எலும்ப தொட்டுப் பாருங்க, அப்புறம் இடுப்பெலும்போட மேல் விளிம்பு, இந்த ரெண்டுக்கும் நடுவுல டேப்ப சுத்துங்க, பாவாட நாடா கட்டுற எடத்துல இல்ல. வயித்த உள்ள இழுக்காம மூச்ச சாதாரணமா வெளிய விட்டுட்டு பாக்கணும். நம்ம பொம்பளைங்களுக்கு 80 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தொண்ணர இஞ்ச், அதுக்கு மேல போனா கவனிக்கணும். எனக்கு 88!

மாதவிடாய் நிக்கிற சமயத்துல ஈஸ்ட்ரோஜன் கொறையுது, அதுவரைக்கும் தொடையிலயும் புட்டத்துலயும் சேந்த கொழுப்பு வயித்துப் பக்கம் வர ஆரம்பிக்குது, ஈரலச் சுத்தி சேருற அந்த கொழுப்புதான் இன்சுலின சரியா வேல செய்ய விடாம பண்ணுது, சுகர் பிபி ஹார்ட் பிரச்சன எல்லாத்துக்கும் அது வழி விடுது. அதுவும் நம்மள மாதிரி தெற்காசிய ஒடம்புக்கு கம்மி வெயிட்லயே சுகர் வந்துரும். பிஎம்ஐ, அதாவது ஒயரத்துக்கு ஏத்த வெயிட்டான்னு பாக்குற கணக்கு, 25 வரைக்கும் நார்மல்னு எல்லா சார்ட்லயும் இருக்கும், நமக்கு 23 தாண்டுனாலே உஷாரா இருக்கணும்.

ஸ்டெப் 2: எண்ணெய் பாக்கெட்ட எண்ணுறது

எனக்கு ரொம்ப உதவுனது இதுதான். ஐதராபாத்ல இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல சொன்ன கணக்குப்படி ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எண்ணெய் நெய் எல்லாம் சேத்து 27 கிராம், சின்ன ஸ்பூனுக்கு ஆறு ஸ்பூன். மாசத்துக்கு பெருக்குனா ஆளுக்கு ஒரு லிட்டருக்கும் கம்மி, நாலு பேர் வீட்டுக்கு மூணர லிட்டர். உங்க மளிகை பில்ல எடுத்துப் பாருங்க, எங்க வீட்ல ஆறு லிட்டர் போய்ட்டு இருந்துச்சு. இப்ப மாசம் பொறந்தா மூணர லிட்டர தனி தூக்குல ஊத்தி வச்சுருவேன், அது தீந்தா அவ்ளோதான், கடைசி வாரம் கூட்டு, அவியல், இட்லின்னு ஓட்டிக்குவோம்.

ஸ்டெப் 3: தட்டு

பாதி தட்டு காய், கீரை. கால் பங்கு சோறு, மிச்ச கால்ல பருப்பு சுண்டல் முட்ட மீன் ஏதாவது ஒண்ணு. காய மொதல்ல வச்சுட்டு அப்புறம் சோறு போடுங்க, நம்ம பழக்கம் அப்படியே தலகீழ். உருளக்கெழங்கு காய் கணக்குல வராது.

இன்னொண்ணு, இத சொல்லாம விட முடியாது. புள்ள மிச்சம் வச்ச ரெண்டு தோச, சட்டில ஒட்டுன சோறு, வீணாப் போகுதேன்னு நம்ம வயித்துல போட்டுக்குறோம் பாருங்க, அத ஒரு வாரம் எழுதி வச்சேன், தினமும் ஒரு வேள சாப்பாடு அளவுக்கு வந்துச்சு. மாவா இருந்தா ஃப்ரிட்ஜ்ல வைங்க, அரிசிய அர ஆழாக்கு கம்மியா போடுங்க.

ஸ்டெப் 4: நட

சாப்ட ஒடனே உக்காராம ஒரு பத்து பதினஞ்சு நிமிஷம், மொட்ட மாடியோ தெருவோ, வாரத்துக்கு 150 நிமிஷம் வந்தா போதும். கூடவே நாற்காலில கை ஊணாம உக்காந்து எந்திரிக்கிறது பத்து தடவ, தொட சதை பலமானா சுகர அது நல்லா இழுத்துக்கும். சென்னைல டாக்டர் ராமச்சந்திரன் குழு 2006ல வெளியிட்ட ஆய்வுல, சுகர் வர்ற எல்லைல இருந்தவங்க சாப்பாட்டயும் நடையயும் மாத்துனதால வியாதி வர்ற ரிஸ்க் 28 சதவீதம் கொறஞ்சுச்சு.

ஸ்டெப் 5: டெஸ்ட்

வெறும் வயித்து சுகர், சுகரோட மூணு மாச சராசரி (HbA1cன்னு எழுதுவாங்க), பிபி, ரத்தத்துல கொழுப்பு. மூணு மாச சராசரி 5.7ல இருந்து 6.4க்குள்ள இருந்தா எல்லைல இருக்கீங்க. பிரசவத்தப்ப சுகர் வந்து போனவங்க கண்டிப்பா விடாம பாக்கணும். தமிழ்நாடு அரசோட மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர் வீட்டுக்கு வந்தா கூச்சப்படாம பிபியும் சுகரும் பாத்துக்கோங்க, காசு கெடையாது.

எட்டு மாசத்துல எனக்கு வெயிட் மூணு கிலோதான் கொறஞ்சுது, ஆனா இடுப்பு 82, சுகர் 98. ஏற்கனவே சுகர் மாத்திரயோ இன்சுலினோ எடுக்குறவங்க மட்டும் சோத்த திடீர்னு கொறச்சுராதீங்க, சுகர் எறங்கி மயக்கம் வரும், மொதல்ல டாக்டர்கிட்ட சொல்லி டோஸ் மாத்தணுமான்னு கேட்டுட்டு ஆரம்பிங்க.