காந்தச் சுருளின் கீழ் அமர முன்: ஓட்டிசமுள்ள பெரியவர்களுக்கு ஒரு வழிகாட்டல்

வெள்ளவத்தையில் வசிக்கும் என் உறவினர் ஒருவர், முப்பது வயதைக் கடந்த பின்னரே தமக்கு ஓட்டிசம் இருப்பதை அறிந்தவர். மூளையைத் தூண்டினால் பிறர் மனம் எளிதில் புரியும் என்ற விளம்பரமொன்றைக் கைபேசியில் காட்டி, போகலாமா என்று கேட்டார். அவருக்குச் சொன்ன ஒழுங்கிலேயே இங்கும் எழுதுகிறேன்.

முதலில், எந்தத் தூண்டல் என்று கேளுங்கள். ஷெஃபீல்டில் அந்தனி பார்க்கரும் சகாக்களும் 1985இல் செய்து காட்டிய காந்தத் தூண்டலில், தலையோடு ஒட்டிப் பிடிக்கப்படும் சுருளின் காந்தப்புலம் மண்டையோட்டைக் கடந்து நரம்புக் கலங்களை இயங்கச் செய்கிறது. நேரோட்ட மின் தூண்டலிலோ, உப்புநீரில் நனைத்த பஞ்சு உறையிட்ட மின்வாய்கள் வழியாகப் பெரும்பாலும் 1 முதல் 2 மில்லிஅம்பியர் மின்னோட்டம் சுமார் 20 நிமிடங்கள் செலுத்தப்படுகிறது. அது கலங்கள் இயங்குவதற்கான ஆயத்தத்தை மட்டும் கூட்டும் அல்லது குறைக்கும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2008இல் காந்தத் தூண்டலை மனச்சோர்வுக்கு அனுமதித்தது. ஓட்டிசமுள்ள ஒருவர் தம் மனச்சோர்வுக்காக அதைப் பெறுவது வேறு விடயம். சமூகப் புரிதலைப் பொறுத்தவரை இவ்விரண்டும் இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளன. ஆகவே அதற்கெனச் "சிகிச்சை" என்று விலை சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

அடுத்து, எதை அளக்கப்போகிறார்கள் என்று கேளுங்கள். என் கணிப்பில் முழு விடயமும் இக்கேள்வியில்தான் தங்கியிருக்கிறது. அவுஸ்திரேலியாவில் பீட்டர் என்டிகொட் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஓட்டிசமுள்ள 28 பெரியவர்களில் (ஒப்பீட்டுக்காகச் செய்வதுபோல் மட்டும் காட்டும் போலித் தூண்டல் அல்லாமல்) உண்மைத் தூண்டல் பெற்றோர், தாமே நிரப்பிய வினாக்கொத்தின்படி, சமூக உறவுச் சிரமம் குறைந்ததாகத் தெரிவித்தார்கள். ஆனால் பிறர் எண்ணத்தை ஊகிக்கும் சோதனைகளில் முன்னேற்றம் காணப்படவில்லை. சோதனைகளுக்கும் எல்லை உண்டு. கண்களின் 36 படங்களைக் காட்டி, அவை காட்டும் மனநிலைக்குப் பொருத்தமானதை நான்கு சொற்களுள் தெரிவுசெய்யச் சொல்லும் புகழ்பெற்ற சோதனையைத் தமிழில் செய்யும்போது, தயக்கத்தையும் ஐயுறவையும் பிரித்தறிவது சொல்வளத்தையும் சேர்த்தே அளந்துவிடும். ஓட்டிசமுள்ள ஆய்வாளரான டேமியன் மில்டன் 2012இல் எழுதியதுபோல, புரியாமை இரு பக்கத்திலும் இருக்கிறது. என் உறவினரின் மேலாளர் விடுமுறை விண்ணப்பத்துக்குப் "பிறகு பாப்பம்" என்றார். இவர் மூன்று நாள் காத்திருந்தார். மறுப்பை மறுப்பாகவே சொல்லியிருந்தால் சுருளுக்கு அங்கே வேலையே இருந்திராது.

பாதுகாப்பு பற்றிய வினாக்களை ஒளிக்காமல் நிரப்புங்கள். காந்தத் தூண்டலால் வலிப்பு வருவது அரிது. எனினும் ஓட்டிசமுள்ளோரிடையே வலிப்பு நோய் பொதுமக்களைவிடக் கூடுதலாகக் காணப்படுவதால், சிறுவயதில் ஒருமுறை வந்த வலிப்பையும் சொல்லவேண்டும். தலையிலுள்ள உலோகம், உட்செவியில் பொருத்திய கேட்கும் கருவி, இதயமுடுக்கி, வலிப்பை எளிதில் வரச்செய்யும் குளிசைகள், முதல்நாள் உறக்கமின்மை ஆகியவையும் அவ்வாறே. இணையத்தில் வாங்கிய மின் கருவியை வீட்டில் தலையில் கட்டிப் பார்க்கவேண்டாம்.

ஆய்வு கொழும்பில் நடப்பதானால், எந்த மருத்துவ அறநெறி மீளாய்வுக் குழு அனுமதித்தது என்பதையும், இலங்கை மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் அதன் இலக்கம் என்ன என்பதையும் கேளுங்கள். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் பெற்று, வீட்டுக்குக் கொண்டுபோய் வாசியுங்கள். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ உள்ள படிவத்தை மேசையருகே நின்று வாய்மொழியாக விளக்கிக் கையெழுத்து வாங்குவதற்கு இடங்கொடாதீர்கள். உங்களுக்குக் கிடைப்பது போலித் தூண்டலாகவும் இருக்கலாம் என்று அதில் எழுதியிருக்கவேண்டும்.

புலன் உணர்வு கூடியவர்கள் ஒருநாள் முன்னதாகச் சென்று சுருளின் ஓசையைத் தள்ளி நின்று கேட்பது நல்லது. ஒவ்வொரு துடிப்பும் நகத்தால் மேசையில் சுண்டினாற்போலச் சடக்கென்று கேட்கும், தலைத்தோலிலும் தட்டும். செவியடைப்பான் அவசியம். தூண்டலின் அளவைக் கணிக்க, உடல் அசைவை இயக்கும் மூளைப் பகுதியைத் தூண்டும்போது பெருவிரல் தானாகத் துள்ளும். இதை முன்பே அறியாதவர் திடுக்கிடுவார். மின் தூண்டலிலோ பஞ்சின் கீழ் அரிப்பும் குறுகுறுப்பும் எழும். அந்நேரத்தில் பேச்சு வராமற்போகக்கூடும் என்பதால், இடது கையை உயர்த்தினால் உடனே நிறுத்தவேண்டும் என்று முன்கூட்டியே பேசி, படிவத்தின் ஓரத்தில் எழுதுவித்துக்கொள்ளுங்கள்.