ஹட்டன் – மஸ்கெலியா – நல்லதண்ணி: வளைவைத் தெரிந்து வண்டி ஓட்டுங்கள்

ஹட்டனிலிருந்து, சிவனொளிபாதமலை ஏறத் தொடங்கும் நல்லதண்ணிக்குச் சுமார் 33 கிலோமீற்றர். தூரத்தைப் பார்த்து நேரம் கணக்குப் போடாதீர்கள். வேனுக்கு ஒன்றரை மணி நேரமாவது வேண்டும். டிசம்பர் உந்துவப் போயாவில் (பௌர்ணமியில்) தொடங்கி மே மாத வெசாக் வரை சிவனொளிபாதமலைப் பருவகாலம். அதில் போயாவும் சனி, ஞாயிறும் ஒட்டி வந்தால் எவ்வளவு நேரமாகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இவ்வளவு வளைவு ஏன் என்று தெரிந்தால் பாதி ஓட்டம் கைவந்துவிடும். இது தோட்டங்களுக்காகப் போட்ட பாதை. கோப்பி அழிந்து தேயிலை பரவிய காலத்தில், 1884இல் ரயில் ஹட்டனை எட்டியது. டிக்கோயா, மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைப் பெட்டிகள் அந்த ஸ்டேஷனுக்கு வர வேண்டியிருந்தது. சுமை வண்டியை மாடு இழுக்கக்கூடிய சரிவுக்கு மேல் பாதை ஏறக்கூடாது. அதனால் மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றியே வெட்டினார்கள். வெட்டியவர்கள் தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர். இந்த வீதியின் வரலாற்றில் முதலில் சொல்ல வேண்டியது அவர்களின் உழைப்பைத்தான்.

மலையைச் சுற்றும் பாதையில் வளைவு இரண்டே வகை. மலை முன்னே துருத்தி நிற்கும் இடத்தில் வருவது வெளிவளைவு. எதிரே வருவது தெரியாது. ஹோர்ன் அடித்து, இடது ஓரத்தை விடாமல் திருப்புங்கள். மலை உள்ளே மடங்கும் இடத்தில் வருவது உள்வளைவு. அங்கே அநேகமாக ஓர் ஓடையும் மதகும் இருக்கும். மழை பெய்தால் சருகும் கல்லும் மதகின் வாயை அடைக்க, தண்ணீர் தாரின் மேல் ஏறி மண்ணைப் பரப்பிவிடும். வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக் பிடித்தால் சில்லு சறுக்குவது இந்த மண்ணில்தான். நுழையுமுன் வேகத்தைக் குறையுங்கள். மேல் மண்திட்டில் புதிய வெடிப்போ, கலங்கிய ஊற்றோ தெரிந்தால் அவ்விடத்தில் நிற்கவே கூடாது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை இந்தச் சரிவுகளில் நேராக விழுகிறது.

பெற்றோலை ஹட்டனிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். டிக்கோயா தாண்டியதும் காசல்ரீ நீர்த்தேக்கம் கூடவே வரும். அதன் ஓரத்தில் 1878இல் கட்டிய வோர்லி தேவாலயம். தண்ணீரைப் பார்க்க வேண்டுமென்றால் அகலமான இடத்தில் ஒதுக்கி நிறுத்துங்கள். நோர்வூட்டில் பாதை பிரியும்: ஒன்று பொகவந்தலாவைக்கு, மற்றது மஸ்கெலியாவுக்கு. பனி மூடியிருந்தால் பலகையைத் தவறவிடுவது சுலபம், கடையில் கேட்டுவிடுங்கள்.

நோர்வூட்டுக்கும் மஸ்கெலியாவுக்கும் நடுவில் ஒரு மலைத்தொடரைக் கடக்கிறீர்கள். இந்தப் பக்கம் கெஹல்கமு ஓயா, அந்தப் பக்கம் மஸ்கெலி ஓயா. கீழே இரண்டும் சேர்ந்துதான் களனி கங்கை. ஏறியதையெல்லாம் இறங்க வேண்டியிருப்பதால் பிரேக்குக்குச் சோதனை இங்கேதான். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். ஓட்டோமெட்டிக் என்றால் எல் அல்லது 2. பெடலில் காலை வைத்தபடியே இறங்கினால் சூடேறி பிரேக் ஒயில் கொதிக்கும், குமிழி வரும், பெடல் தரை வரை போகும். பழைய ஒயில் ஈரத்தை இழுத்து வைத்திருப்பதால் இன்னும் சீக்கிரம் கொதிக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கருகல் வாடை வந்தால் சமதரையில் நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான பிரேக் டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், கீறல் விழலாம். எண்ணெய் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடும் பழக்கம் சிலருக்கு உண்டு, தயவுசெய்து வேண்டாம். எஞ்சினை நிறுத்தி உருட்டினால் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கல்லாக இறுகிவிடும். ஒடுங்கிய இடத்தில் ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுங்கள்: பாரத்தோடு நின்ற கொழுந்து லொறிக்கு மேட்டில் மறுபடி கிளம்புவது பெரும்பாடு.

பனியில் ஹெட்லைட்டைத் தாழ்த்துங்கள். உயர்த்தினால் வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும்.

இப்போதுள்ள மஸ்கெலியா நகரம் புதியது. 1969இல் மவுசாக்கலை நீர்த்தேக்கம் நிறைந்தபோது பழைய நகரம் மூழ்கியது. நீர்மட்டம் வெகுவாக இறங்கும் காலத்தில் பழைய வழிபாட்டுத் தலங்களின் எச்சங்கள் வெளியே தெரியும். சேற்றில் இறங்கி நடக்காதீர்கள், முழங்கால் வரை புதையும்.

பஸ்ஸில் வருகிறவர்களுக்குப் பருவகாலத்தில் ஹட்டனிலிருந்து நல்லதண்ணிக்கு நேரடி பஸ் உண்டு. மற்ற மாதங்களில் மஸ்கெலியாவில் மாற வேண்டும்.

நல்லதண்ணியில் வண்டியை ஏற்றத்தில் நிறுத்தினால் முதல் கியரில் போட்டு, சில்லுக்குக் கல் வையுங்கள். இரவில் மலையேறி, உதயம் பார்த்து, காலையில் உடனே ஸ்டியரிங் பிடிப்பதுதான் இந்த வீதியில் பெரிய ஆபத்து. ஓட்டுநர் கீழேயே தங்கித் தூங்கட்டும். ஏறியே ஆக வேண்டுமென்றால் இறங்கி வந்து நான்கு மணி நேரமாவது படுத்தெழுந்த பிறகு வண்டியை எடுக்கட்டும்.