உதகை தாவரவியல் பூங்கா: மேல்தளம் வரை ஏறிப் பாருங்கள்

தாயகப் பயணத்தில் உதகைக்கு வருவோர் பலர், அரசு தாவரவியல் பூங்காவின் கீழ்ப்புறப் புல்வெளியில் படம் எடுத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் திரும்பிவிடுகிறார்கள். இந்தப் பூங்காவின் அருமை மேலே ஏற ஏறத்தான் விளங்கும் என்பதால், ஒரு முற்பகலை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.

உதகையில் குடியிருந்த ஐரோப்பியர்கள் மாதச் சந்தா கட்டிக் காய்கறி விளைவித்த முயற்சியே இதன் தொடக்கம். லண்டன் கியூ தோட்டத்தில் பயிற்சி பெற்ற மெக்ஐவர் 1848-இல் இங்கு வந்து, கீழே சதுப்பும் மேலே மரக்காடுமாகக் கிடந்த தொட்டபெட்டா அடிவாரச் சரிவை, அதன் ஏற்ற இறக்கத்தை அழிக்காமலே அடுக்கடுக்கான தளங்களாகத் திருத்தினார். இன்று சுமார் 22 ஹெக்டேர் பரப்புள்ள இந்தத் தோட்டத்தில் மலர்ப் பாத்திகளைவிட மரங்களையே நான் முதலில் பார்க்கச் சொல்வேன். தக்கை மரத்தின் தடித்த, வெடித்த பட்டையை அருகில் நின்று பாருங்கள். குரங்கும் ஏறத் தயங்கும் முள்ளிலைகள் கொண்ட தென்னமெரிக்க ஊசியிலை மரத்தைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். சுமார் 2 கோடி ஆண்டுப் பழமை கொண்டதாகச் சொல்லப்படும், கல்லாக மாறிய மரமான கல்மரத்தையும் தவறவிடாதீர்கள்.

கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் உள்ள ஊர் என்பதால், முதியோரை அழைத்து வருவோர் வந்து சேர்ந்த அன்றே ஏற்றம் ஏறாமல், மறுநாள் காலையில் பூங்கா திறந்ததும் செல்வது நல்லது. மே மாத மலர்க் கண்காட்சி காணத்தக்கதே எனினும், நெரிசலில் நிதானமாக நடக்க முடியாது. தொட்டிச் செடிகள் மீண்டும் பூக்கும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களின் இரண்டாம் சீசன், குடையைக் கையில் வைத்திருந்தால், அதைவிட இனிது.

வாகனத்தில் வருவோருக்கு 2024 மே முதல் இ-பாஸ் (இணையவழி நுழைவு அனுமதி) முறை நடைமுறைக்கு வந்தது. வெளிநாட்டிலிருந்து வருவோர் மின்னஞ்சல் வழியாகப் பதியலாம். விதிகள் அவ்வப்போது மாறுவதால் புறப்படுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களைச் சோதனைச்சாவடியிலேயே வாங்கிவிடுவார்கள். எவர்சில்வர் பாட்டில் ஒன்றிருந்தால் ஊருக்குள் தண்ணீர் ஏடிஎம்மில் நிரப்பிக்கொள்ளலாம்.

பூங்காவின் மேற்புறத்தில் தோடர் மந்து, அதாவது நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் குடியிருப்பு, ஒன்று உள்ளது. அது மக்கள் வாழும் இடம். வளைந்த கூரையுடைய அவர்களது கோயிலுக்குள் பிறர் நுழையலாகாது. படம் எடுப்பதற்கு முன் அங்கிருக்கும் பெரியவர்களிடம் அனுமதி கேளுங்கள்; பூவேலைப்பாடு செய்த சால்வை வாங்க விரும்பினால், பேரம் பேசாமல் அவர்களிடமே நேரில் வாங்குங்கள்.