இரும்பு மாத்திரைக்கு அசையாத இரத்தசோகை

வயிற்றில் ஒரு தொல்லையும் கிடையாது. ஹீமோகுளோபின் மட்டும் 8-ஐத் தாண்டவில்லை. வாய்ப்புண் ஆறுவதும் வருவதுமாக இருந்தது. இரும்பு மாத்திரை, வயிற்றுப்பூச்சி மருந்து, முருங்கைக்கீரை எதற்கும் அசையவில்லை. கடைசியில் ஒரு மருத்துவர் டிடிஜி-ஐஜிஏ இரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். அதுவரை கோதுமையை நிறுத்தவே கூடாதாம். நிறுத்தினால் நோய் இருந்தும் இல்லையென்று காட்டலாம். பிறகு எண்டோஸ்கோப்பியில் சிறுகுடல் திசுவும் எடுத்தார்கள். சீலியாக் நோய்: கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் சிதைவது. முன்சிறுகுடலின் உட்சுவர் சிதைந்தால் விழுங்கும் இரும்பு உடலில் ஒட்டாது.

சப்பாத்தி, ரவை, சேமியா எல்லாம் போயின. வாய்ப்புண் போகவில்லை. இட்லி, சாம்பார், ரசத்தில் கோதுமை எங்கிருந்து வரும்? பெருங்காய டப்பாவின் பின்பக்கம், பொடி எழுத்தில் இருந்தது: கோதுமை மாவு. கூட்டுப் பெருங்காயத்தில் அது சகஜம். அரிசி மாவு சேர்த்ததாகத் தேடி மாற்றினேன். வாய்ப்புண் ஓய்ந்தது, ஹீமோகுளோபினும் 11-க்கு ஏறியது. அப்பாடா!