பழைய மோட்டார் சைக்கிளுக்கு எதனோல் பெற்றோல் விடமுன்

போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது வன்னியில் மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சினுக்கு எதனோல் என்ன செய்யும் என்று இருந்துவிடாதீர்கள். எதனோல் ஒரு மதுசாரம்; அது தண்ணீரை உறிஞ்சும், பழைய றப்பரை ஊதவைக்கும்.

இந்தியாவின் ஈ20 பெற்றோலில் 20 சதவீதம் எதனோல். சந்தேகமான பெற்றோல் என்றால், அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் 10 மில்லிலீற்றர் தண்ணீரும் 90 மில்லிலீற்றர் பெற்றோலும் விட்டுக் குலுக்கி (பக்கத்தில் பீடி, அடுப்பு வேண்டாம்), தெளியவிடுங்கள். அடியில் நிற்கும் தண்ணீர் 10ஐத் தாண்டி ஏறியிருந்தால் எதனோல் இருக்கிறது.

சரி, எதனோல் பெற்றோலை வண்டிக்கு விட்டாயிற்றா? தாங்கியில் தேங்கவிடாமல் ஓடித் தீர்த்துவிடுங்கள். மாரியில் வாரக்கணக்காக நிறுத்துவதென்றால் காபரேற்றரையும் வடியுங்கள். பெற்றோல் வரும் றப்பர் குழாயை விரலால் நசுக்கிப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ வெடித்திருந்தாலோ உடனே மாற்றுங்கள். பிளக் முனை வெளுத்திருந்தால் எரிபொருள் போதவில்லை, காபரேற்றரில் பெற்றோல் வரும் சிறு துளையான ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கச் சொல்லுங்கள்.